அப்பளம் உடையாமல் மிதிப்பது

சின்னப்பையனின் வலது பாதத்தில் முதல் அடி விழுவதற்கு முன்பு, அன்பைப் பற்றி ஒரு நல்ல சொற்பொழிவு நடந்தது.

பேசியவர் இயக்குநர் திருஞானசம்பந்தம். கசங்காத வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம், தேன் தடவிய குரல். "அன்பர்களே, பெட்ரோல் என்பது என்ன? பூமித்தாயின் வியர்வை. அதை நீங்கள் காலால் மிதித்துச் செலவழிக்கிறீர்கள். மிதியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் தூங்குகிற குழந்தையின் கன்னத்தைத் தொடுவது போல மிதியுங்கள். காலில் கருணை இருந்தால் மைலேஜ் தானாக வரும்" என்றார். கேட்டுக்கொண்டிருந்த கார் ஓட்டுநர்களில் சிலருக்குக் கண் கலங்கியது. சின்னப்பையனும் துண்டால் துடைத்துக்கொண்டான். அவன் மனசு அப்படி. கோயில் மண்டபத்தில் யாராவது உருக்கமாகப் பேசினாலும் சரி, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் போதகர் பேசினாலும் சரி, அவனுக்குத் துண்டு வேண்டியிருக்கும்.

கைதட்டல் ஓய்ந்தது. பிறகு பிரம்பு வந்தது. அந்தப் பிரம்புக்கு அங்கே 'நினைவூட்டி' என்று பெயர்.

சின்ன காஞ்சிபுரத்தில் வரதராஜப் பெருமாள் கோயிலைச் சுற்றி வாடகைக்கு நிற்கும் சின்ன கார்களெல்லாம் அளவுக்கு மீறிப் பெட்ரோல் குடிக்கின்றன என்று யாரோ எங்கேயோ எழுதிப்போட, அதன் பலனாக வந்து இறங்கியதுதான் மெல்லடி மையம். பூட்டிக் கிடந்த ஒரு கல்யாண மண்டபத்துக்கு வெள்ளையடித்து உட்கார்ந்துகொண்டார்கள். அது எந்தத் துறையின் கீழ் வருகிறது என்று கேட்டவர்களுக்கு இன்றுவரை பதில் வரவில்லை. கேட்டவர்களும் அதற்குப் பிறகு நொண்டிக்கொண்டுதான் நடந்தார்கள். சட்டம் ஒன்றே ஒன்றுதான். மையத்தின் சோதனையில் தேறிய காருக்கு முன் கண்ணாடியில் பச்சை நிறத்தில் 'மெல்லடி முத்திரை' ஒட்டப்படும். தேறாத கார் நசுக்கு இயந்திரத்துக்குப் போகும்.

நசுக்கு இயந்திரம் என்று சும்மா பயமுறுத்துவதற்காகச் சொன்னதல்ல. மண்டபத்து வாசலில், வழக்கமாக வாழைமரம் கட்டும் இடத்தில், ஒரு டிரங்குப் பெட்டி அளவுக்கு இரும்புக் கட்டி ஒன்று இருந்தது. போன மாதம் வரைக்கும் அது அந்தோணி என்கிற ஓட்டுநரின் நீலக் கார். வெள்ளிக்கிழமை தோறும் மையத்தார் அதற்கு மாலை போட்டு, ஊதுவத்தி ஏற்றி, ஒரு நிமிடம் மௌனமாக நிற்பார்கள். அந்தோணியையும் வரவழைத்து நிற்க வைப்பார்கள்.

சின்னப்பையனிடம் இருந்தது ஒரு பழைய வெள்ளைக் கார். அதற்கு அவன் வைத்த பெயர் வெள்ளச்சி. வெள்ளச்சி ஓடினால் வீட்டில் உலை கொதிக்கும், நின்றால் உலையும் நிற்கும். மாகறல் கோயிலுக்கும் வாலாஜாபாத் சந்தைக்கும் ஆட்களை ஏற்றி இறக்கித்தான் அவனும் மனைவி அன்னம்மாளும் பிழைத்தார்கள். அந்த வெள்ளச்சி டிரங்குப் பெட்டியாகி, வெள்ளிக்கிழமை தோறும் பூமாலை வாங்கிக்கொண்டு நிற்பதை நினைத்தாலே அவனுக்குச் சோறு இறங்கவில்லை. எப்படியாவது முத்திரை வாங்கிவிட வேண்டும். அடி என்ன அடி, பள்ளிக்கூடத்தில் வாங்காததா என்று தேற்றிக்கொண்டான்.

முதல் அடி விழுந்ததற்கு உண்மையில் அவன் பக்தியே காரணம்.

மென்மையாக மிதிப்பதற்கு வெளிநாட்டுப் புத்தகம் ஒன்றில் ஒரு வழி சொல்லியிருந்ததாம்: ஆக்சிலேட்டருக்கு அடியில் ஒரு முட்டை இருப்பதாக நினைத்து மிதி. நம் ஆட்களுக்கு நினைப்பதில் நம்பிக்கை கிடையாது. முட்டையையே வைத்துவிடுவது என்று முடிவாயிற்று. ஆனால் பெருமாள் குடியிருக்கும் வீதியில் வண்டிக்கு வண்டி முட்டை உடைந்து ஒழுகினால் நன்றாகவா இருக்கும்? கூட்டம் போட்டு, விவாதித்து, முட்டைக்குப் பதில் சைவமாக எலுமிச்சம்பழம் என்று தீர்மானம் நிறைவேற்றினார்கள்.

எலுமிச்சம்பழத்தைக் கண்டால் காஞ்சிபுரத்து ஓட்டுநர் என்ன செய்வான்? வண்டி வாங்கிய அன்று சக்கரத்துக்கு அடியில் வைத்து நசுக்கிவிட்டுத்தான் கிளம்புவான். நசுங்காவிட்டால் ஆகாது, முழுசாக விட்டுவிட்டுப் போனால் திருஷ்டி வண்டியோடு கூடவே வரும். ஜெபம் பண்ணி எடுத்த வண்டிக்கும் எலுமிச்சம்பழம் உண்டு. அதில் மதம் பார்ப்பதில்லை. ஆகவே பெடலுக்கு அடியில் மஞ்சளாக ஒரு பழம் வந்து உட்கார்ந்ததும் சின்னப்பையன் கை கூப்பினான். "கர்த்தாவே, வெள்ளச்சியக் காப்பாத்து" என்று வேண்டிக்கொண்டான். பிறகு உடம்பு எடை முழுவதையும் காலில் இறக்கிப் பழத்தைக் கூழாக்கினான். அன்று சோதனைக்கு வந்த அத்தனை பேரும் அதையே செய்தார்கள். எல்லா எஞ்சினும் ஒரே நேரத்தில் அலறியதில் மண்டபத்துப் புறாக்கள் கிளம்பிப் போனவை திரும்பி வரவேயில்லை.

நினைவூட்டியைப் பிடிக்கிறவர் கள அலுவலர் பரசுராமன். வாட்டசாட்டமான ஆள். பேச்சு குறைவு. ஒவ்வொருவரையும் பெஞ்சில் உட்கார வைத்து, வலது காலை நீட்டச் சொல்லி, உள்ளங்காலில் விளாசினார். பக்கத்தில் நின்ற திருஞானசம்பந்தம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "என்னால் பார்க்க முடியாது. நான் எறும்பைக்கூட மிதிக்காதவன். பரசுராமன், சத்தமில்லாமல் அடிக்கக் கூடாதா?" என்றார்.

மறுநாள் பழத்தின் இடத்துக்கு அப்பளம் வந்தது. பொரிக்காத அப்பளம், நன்றாக வெயிலில் காய்ந்தது. அழுத்தினால் 'படக்'கென்று உடையும். உடைந்தால் ஓர் அடி. கணக்கு எளிமையாக இருந்தது. ஆனால் முதல் நாள் வாங்கிய அடியில் எல்லோருக்கும் பாதம் பூசணி போல வீங்கியிருந்தது. வீங்கிய காலுக்கு பெடல் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. வைத்த மாத்திரத்தில் அப்பளம் உடைந்தது. அப்பளம் உடைந்ததால் அடி விழுந்தது. அடி விழுந்ததால் கால் இன்னும் வீங்கியது. இன்னும் வீங்கியதால் இன்னும் வேகமாக உடைந்தது.

"யோவ் சின்னப்பையா," என்றான் பக்கத்து வண்டிக்கார ராமராஜன், சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபடி. தொந்தியும் வாயும் பெரிதான ஆள். "இப்டியே போனா நம்ம கால வெட்டி எடுத்துட்டு அப்பளத்துக்குச் சிலை வெப்பானுங்கபா."

"கத்தாதடா, அவங்க காதுல வுழுந்துடப் போவுது."

"வுழட்டும். காதுல அடிக்க இன்னும் ரூலு வரல."

திருஞானசம்பந்தம் அன்று மாலை இந்தப் பிரச்சினையை எடுத்துக்கொண்டு பேசினார். "அடிக்கிறார்கள் அடிக்கிறார்கள் என்று வெளியே ஒரு பேச்சு இருக்கிறது. வருத்தமாக இருக்கிறது. இந்த மையத்தில் ஒரு மனிதர்கூட அடிக்கப்பட்டதில்லை. கால்கள் மட்டும்தான் திருத்தப்படுகின்றன. காலையும் மனிதனையும் பிரித்துப் பார்க்கத் தெரியாத சமூகம் எப்படி முன்னேறும்?"

அவர் பேசிக்கொண்டிருந்தபோது வாசலில் மையத்தின் கறுப்பு ஜீப் உறுமிக்கொண்டே நின்றது. காலையில் போடுகிற எஞ்சின் சாயங்காலம் வரை அணைவதில்லை. இயக்குநர் ஏறும்போது உள்ளே குளுகுளு என்று இருக்க வேண்டும். ஜீப்புக்குச் சோதனை இல்லையா என்று ஒரு நாள் அந்தோணி கேட்டான். "அது சோதிக்கப்படும் வண்டி அல்ல. சோதிக்கும் வண்டி" என்று பதில் வந்தது. அவனிடம் நசுக்க வேறு கார் இல்லாததால் ஆளை விட்டுவிட்டார்கள்.

வீட்டில் அன்னம்மாள் உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்தாள். பாதம் கத்திரிக்காய் நிறத்துக்கு வந்திருந்தது.

"பாவிங்க. ஆணி ஒண்ணுதான் அடிக்கல," என்றாள். "யாரு அடிக்கிறது?"

"பரசுராமன்னு ஒரு சாரு. பாவம், அவருக்கும் தோள்பட்ட புடிச்சிக்கிச்சிபோல. ஒவ்வொரு அடிக்கும் மூஞ்சச் சுளிக்கறாரு."

"இத்தினி பேரை அடிச்சா புடிக்காம இன்னா பண்ணும்? கை ஓங்கறவனுக்கும் கை வலிக்கத்தான செய்யும்." ஒத்தடத் துணியைக் கீழே வைத்துவிட்டு எழுந்துபோய்த் தைல டப்பா ஒன்றை எடுத்துவந்து அவன் சட்டைப் பையில் போட்டாள். "நாளைக்கு அந்தாளுக்குக் குடு. தோள்ல தேச்சிக்கச் சொல்லு."

சின்னப்பையன் கொண்டுபோய்க் கொடுத்தான். பரசுராமன் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அலுவலில் சேர்ந்த நாளாக அவருக்கு யாரும் எதையும் காரணமில்லாமல் கொடுத்ததில்லை.

"லஞ்சமா?"

"இல்ல சார், தைலம். தோளு வலிக்குதுன்னு—"

லஞ்சம் கொடுக்க முயன்றதற்காக அன்று ஓர் அடி கூடுதலாக விழுந்தது. ஆனால் டப்பா பரசுராமனின் பைக்குள் போய்விட்டதைச் சின்னப்பையன் கவனித்தான். ஒரு மாதிரி நிம்மதியாக இருந்தது.

பிறகு எடைக் குறைப்பு வாரம் வந்தது. கனம் குறைந்த வண்டி குறைவாகக் குடிக்கும், அதில் பொய்யில்லை. திருஞானசம்பந்தம் அதை இன்னும் கொஞ்சம் உயரத்துக்குக் கொண்டுபோனார். "எடை என்பது ஆணவம். ஓடுவதற்குத் தேவையில்லாத எதுவும் ஒரு வண்டிக்கு ஆணவம்தான். அதைக் களைவது உங்களால் முடியாது. நாங்கள் களைந்து தருகிறோம்." பேசி முடித்துக் கண்ணை மூடிக்கொண்டார். கடப்பாரை, சம்மட்டியோடு ஆட்கள் இறங்கினார்கள். முன்னால் பரசுராமன்.

"இன்னா இது?"

"கதவு சார்."

"வண்டி ஓடறதுக்குக் கதவு வேணுமா?"

சின்னப்பையன் யோசித்தான். பொய் சொல்ல அவனுக்கு வராது. "ஓடறதுக்கு வேணாம் சார். ஆனா உள்ள இருக்கறவங்க—"

கடப்பாரை அதற்குள் இறங்கிவிட்டது. வெள்ளச்சியின் இடது கதவு கீல் பெயர்ந்து, அடிபட்ட மாடு மாதிரி ஒரு சத்தம் போட்டுவிட்டுக் கீழே விழுந்தது. அடுத்தது மற்றக் கதவுகள். பம்பர், பக்கக் கண்ணாடிகள், உபரிச் சக்கரம்.

"பின் சீட்டு எதுக்கு?"

"சவாரிங்க உக்காருவாங்க சார்."

"சவாரி இன்னா வெயிட்டு இருப்பான்?"

"ஆளப் பொறுத்து சார்."

"அப்ப இருக்கறதுலயே பெரிய வெயிட்டு சவாரிதான். மொதல்ல அத ஏத்தறத நிறுத்து."

முன் பக்கத்தில் அவன் உட்காரும் இருக்கையைத் தவிர மற்றவை வெளியே வந்தன. கண்ணாடியில் தொங்கிய மரச்சிலுவையையும், பெருமாள் கோயில் சவாரிகள் முகம் சுளிக்கக் கூடாதென்று பக்கத்தில் ஒட்டியிருந்த பெருமாள் படத்தையும் பிடுங்கித் தராசில் வைத்தார்கள். தராசு அசையவில்லை. இருந்தும் திருப்பித் தரவில்லை. விதி என்றால் விதி.

அடுத்த வண்டி ராமராஜனுடையது. அவன் வண்டியில் எல்லாவற்றையும் பிடுங்கிய பிறகும் எடை காட்டும் முள் இறங்கவில்லை. ராமராஜன் உள்ளேயே உட்கார்ந்திருந்தான். "சார், இந்தத் தொப்பை எங்க அப்பன் குடுத்த சொத்து. கடப்பாரை போட்டாலும் வராது" என்று சிரித்தான். சிரித்த வாயில் பரசுராமனின் முஷ்டி இறங்கியது. ஒரு பல் தெறித்து, பானெட்டில் பட்டு, தரையில் உருண்டது. ஓர் அலுவலர் அதைக் கைக்குட்டையால் எடுத்துத் தராசில் வைத்து, எடைக் குறைப்புக் கணக்கில் சேர்த்துக்கொண்டார். வாயைப் பொத்திக்கொண்ட ராமராஜனின் விரலிடுக்கில் ரத்தம் வழிந்தது. சின்னப்பையன் தன் துண்டைக் கிழித்துக் கொடுத்தான்.

"பாத்துக்கினியா," என்றான் ராமராஜன், ரத்தத்தைத் துப்பிவிட்டு. "இப்ப மைலேஜு ஏறியிருக்கும்."

கடைசிச் சோதனை நாள் வந்தது. மையத்திலிருந்து கிளம்பி, நெசவாளர் தெரு வழியாக வாலாஜாபாத் சாலைக்குப் போய்த் திரும்ப வேண்டும். பெடலுக்கு அடியில் அப்பளம். முன்னால் எவ்வளவு பெட்ரோல் போகிறது என்று காட்டும் மீட்டர். அதோடு புதிதாக ஒரு விதி: பிரேக் பிடிக்கக் கூடாது. பிரேக் என்பது செலவழித்த பெட்ரோலைக் கொலை செய்வது என்று இயக்குநர் கண்டுபிடித்திருந்தார். பிரேக்கில் கால் பட்டால் வண்டி நேரே நசுக்கு இயந்திரத்துக்கு. பரசுராமன் கடப்பாரையோடு வெள்ளச்சியின் பின்பக்கம், சீட்டில்லாத வெறும் தகட்டில், குந்திக்கொண்டார். இயக்குநரின் கறுப்பு ஜீப் மிக நெருக்கமாகப் பின்தொடர்ந்தது. மேற்பார்வைக்காக.

சின்னப்பையன் மனசுக்குள் ஜெபித்துக்கொண்டே ஓட்டினான். வலி தாங்காத கால் பெடலின்மேல் இலை மாதிரி கிடந்தது. அப்பளம் உடையவில்லை. அவனுக்கே ஆச்சரியம். முத்திரை கிடைத்துவிடும் என்று முதல் முறையாக நம்பினான். அன்னம்மாளிடம் போய்ச் சொல்லும்போது அவள் என்ன சொல்வாள் என்றுகூட நினைத்துப் பார்த்துவிட்டான்.

நெசவாளர் தெருவுக்குள் திரும்பினால், எதிரே பாவு.

பட்டுச்சேலைக்கான நீளவாட்டு இழைகளைத் தறியில் ஏற்றுவதற்கு முன் காலை வேளையில் தெருவிலேயே நீட்டிக் கட்டுவார்கள். இந்த முனையில் ஒரு கோல், அந்த முனையில் ஒரு கோல். நடுவில் ஆயிரக்கணக்கில் பட்டிழைகள். குடும்பமே இரண்டு பக்கமும் நின்று அறுந்த இழையை முடிச்சுப் போட்டு, சிக்கு எடுக்கும். பாவு தெருவில் இருக்கிற வரைக்கும் எந்த வண்டியும் நகராது. எஞ்சினை அணைத்துவிட்டு நிற்பார்கள். யாரும் எழுதிவைத்த சட்டம் இல்லை. கல்யாண ஊர்வலம்கூட நின்றுதான் போகும். மருதாணிச் சிவப்பில் பாவு வெயிலில் மின்னியது. நடுவில் முதுகு வளைந்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள் பட்டம்மாள்.

"வுடு, போ," என்றார் பரசுராமன் பின்னாலிருந்து.

"சார், பாவு இருக்குது சார்."

"நூலுதானய்யா? அறுத்துக்கினு போ. பிரேக்கு புடிச்ச, வண்டி பொட்டிதான்."

சின்னப்பையனுக்கு இரும்புக் கட்டியும் வெள்ளிக்கிழமைப் பூமாலையும் கண் முன்னால் வந்தன. அவன் கால் எதையும் யோசிக்கவில்லை. நாள் தவறாமல் இந்தத் தெருவில் என்ன செய்ததோ அதையே செய்தது. அப்பளத்தின்மேல் இருந்த கால் மெதுவாக எழுந்து, பிரேக்கை மிதித்தது.

"யோவ்!" பரசுராமன் கடப்பாரையை ஓங்கினார். கூரை தாழ்வாக இருந்ததால் ஓங்குவதற்காகக் கதவு இருந்த பக்கம் பாதி உடம்பை வெளியே நீட்டினார். கடப்பாரை சின்னப்பையனின் தோளில் இறங்கியது. அந்த நொடியே பின்னால் வந்த கறுப்பு ஜீப் வெள்ளச்சியின் பின்மூலையை இடித்துக்கொண்டு பக்கவாட்டில் வந்தது. அதன் ஓட்டுநருக்கும் பிரேக் கூடாது என்று உத்தரவு. பிடித்துக்கொள்ளக் கதவில்லை. பரசுராமன் தெருவில் விழுந்தார். ஜீப்பின் முன் சக்கரம் அவருடைய வலது காலில் ஏறி இறங்கி, இரண்டு முறை விக்கிவிட்டு நின்றது. பச்சை மூங்கிலைப் பிளக்கிற மாதிரி ஒரு சத்தம் தெரு முழுவதும் கேட்டது.

வெள்ளச்சியின் மூக்கு பாவுக்கு ஒரு சாண் முன்னால் நின்றிருந்தது. ஓர் இழையும் அறவில்லை.

தெரு திரண்டுவிட்டது. "அறுத்துக்கினு போன்னு சொன்னது எவன்டா?" என்று பட்டம்மாள் கேட்ட கேள்விக்குப் பதில் வருவதற்குள் ஜீப்பின் கண்ணாடிகள் நொறுங்கின. உள்ளே திருஞானசம்பந்தம் சீட்டுக்கு அடியில் சுருண்டுகொண்டு, "அன்பர்களே, வன்முறை தீர்வல்ல" என்றார். அவர் சட்டைக் காலரைப் பிடித்து வெளியே இழுத்து இரண்டு அறை விட்டார்கள். அவருடைய சந்தனம் காது வரைக்கும் இழுபட்டது. ஒருவன் தெருவில் கிடந்த கடப்பாரையை எடுத்தான். பரசுராமனின் நல்ல காலைக் குறிவைத்துத் தலைக்கு மேல் தூக்கினான்.

சின்னப்பையன் குறுக்கே போய் உட்கார்ந்து, தன் வலது காலை அந்தக் காலின்மேல் போட்டான்.

"அடிக்கறதா இருந்தா இதுல அடிபா. இது ஏற்கெனவே வீங்கிக் கெடக்குது, புதுசா வலிக்காது."

கூட்டம் அந்தக் காலைப் பார்த்தது. கத்திரிக்காய் நிறம் கறுப்பாகி, விரல்கள் எல்லாம் ஒன்றோடு ஒன்று ஒட்டியிருந்தன. கடப்பாரை கீழே இறங்கியது.

"இன்னாபா இது கோலம்?" என்றாள் பட்டம்மாள். "யாரு பண்ணது?"

சின்னப்பையன் கீழே கிடந்தவரைப் பார்த்தான். பரசுராமனும் அவனைப் பார்த்தார்.

"அப்பளம் ஒடஞ்சிபோச்சிமா," என்றான்.

பட்டம்மாளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. உள்ளே போய்த் தறியில் போடும் மூங்கில் கோல் இரண்டையும் பழைய வேட்டியையும் எடுத்துவந்து, முறிந்த காலுக்கு இரு பக்கமும் வைத்துக் கட்டினாள். ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார்கள். அது கோயில் கூட்டத்தில் மாட்டிக்கொண்டிருந்தது. ஜீப்பைக் கிளப்பிப் பார்த்தார்கள். விடிந்ததிலிருந்து இயக்குநரின் குளுகுளுவுக்காக அணையாமல் ஓடியதில் டேங்க் காலி. ஆகவே கதவுமில்லாத, சீட்டுமில்லாத வெள்ளச்சியின் தகட்டில் நாலு வீட்டுப் பாயும் தலையணையும் விரித்துப் பரசுராமனைக் கிடத்தினார்கள். தலையை மடியில் வைத்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்றதும் திருஞானசம்பந்தத்தைப் பிடித்து உள்ளே தள்ளினார்கள். பாவைச் சுருட்டித் தெருவை ஒதுக்கினார்கள். பட்டிழை அறுந்துவிடக்கூடாதே என்று அதைச் சுருட்டிய அதே பக்குவத்தில்தான் பரசுராமனையும் தூக்கிக் கிடத்தியிருந்தார்கள்.

ஆஸ்பத்திரி வரைக்கும் சாலை முழுக்கப் பள்ளம். கொஞ்சம் வேகம் கூடினாலும் பரசுராமன் அலறினார். "மெதுவா பா... தம்பி, மெதுவா... உனுக்குப் புண்ணியமாப் போவும், மெதுவா மிதி!" இத்தனை நாள் அவர் ஒருமுறைகூட அந்தச் சொல்லைச் சொன்னதில்லை, பிரம்புதான் சொல்லிக்கொண்டிருந்தது. கடப்பாரை பட்ட தோளைச் சாய்த்தபடி, சின்னப்பையன் முறிந்த எலும்பைக் கையில் ஏந்திக்கொண்டு போவதுபோல ஓட்டினான். பள்ளத்தைத் தூரத்திலேயே பார்த்துக் காலை எடுத்தான். வண்டி தானாகத் தளர்ந்து இறங்கியது. மறுபடி தொட்டான், நகர்ந்தது. மைலேஜ் ஞாபகமே அவனுக்கு இல்லை. தைல டப்பா பரசுராமனின் பையிலிருந்து நழுவி, தகட்டில் முன்னும் பின்னும் உருண்டது.

ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நின்றபோது திருஞானசம்பந்தம் குனிந்து மீட்டரைப் பார்த்தார். பிறகு பெடலுக்கு அடியில் பார்த்தார். அப்பளம் முழுசாக இருந்தது. மையத்தின் வரலாற்றிலேயே இல்லாத மைலேஜ்.

பரசுராமனுக்குக் கட்டுப் போட்டு முடிப்பதற்குள் மையத்து அலுவலர்கள் எல்லோரும் வந்து சேர்ந்துவிட்டார்கள். கட்டிலைச் சுற்றி நின்றவர்களுக்கு நடுவே, இரண்டு கன்னத்திலும் விரல் தடம் தெரிய, இயக்குநர் பேசினார்.

"அன்பர்களே, நம் ஆய்வு வெற்றி பெற்றுவிட்டது. இதே ஓட்டுநர், இதே வண்டி, இதே அப்பளம். இத்தனை நாள் இல்லாத மைலேஜ் இன்றைக்கு மட்டும் எப்படி வந்தது? இன்று புதிதாகச் சேர்ந்தது ஒன்றே ஒன்றுதான். கால் முறிந்த ஓர் அலுவலர். ஆகவே இனி முத்திரை கோரும் ஒவ்வொரு காரிலும் பின்பக்கம் கால் முறிந்த ஓர் அலுவலர் படுத்திருக்க வேண்டும். இதற்காக முன்வரும் முதல் தியாகி யார்?"

அலுவலர்கள் அவரவர் காலைப் பார்த்துக்கொண்டார்கள். ஒருவருக்கு வாலாஜாபாத்தில் துக்கம் இருப்பது ஞாபகத்துக்கு வந்தது. இன்னொருவர் போன் பேசிக்கொண்டே வெளியே போனார். போன் மணி அடிக்கவேயில்லை. ஒவ்வொருவராகக் கரைந்து கடைசியில் இயக்குநர் மட்டும் நின்றார்.

படுக்கையிலிருந்து பரசுராமன் மெல்லக் கேட்டார். "ஐயா, உங்க காலு நல்லாத்தான இருக்குது?"

திருஞானசம்பந்தம் தன் காலைப் பார்த்தார். பிறகு கதவைப் பார்த்தார். சீர்திருத்தம் செய்வதற்கு வேறு மாவட்டங்களும் இருக்கின்றன என்று சொல்லிவிட்டு, எறும்பை மிதிக்காத அந்தக் கால்களால் மிக வேகமாக நடந்து போனார். மறுநாள் மண்டபம் பூட்டிக் கிடந்தது. ஓட்டுநர்கள் சுவரேறிக் குதித்து அவரவர் கதவையும் சீட்டையும் தேடி எடுத்துக்கொண்டார்கள். ராமராஜன் தன் பல்லையும் தேடினான், கிடைக்கவில்லை. சின்னப்பையனின் சிலுவையும் பெருமாளும் ஒரே மூலையில் ஒன்றின்மேல் ஒன்று கிடந்தன.

பரசுராமனைப் பார்க்க யாரும் வரவில்லை. சொந்த ஊர் தூரம். அடித்த ஊரில் அடித்தவனுக்கு யார் வருவார்கள்? அன்னம்மாள்தான் மதியத்துக்கு அடுக்குப் பாத்திரத்தில் சோறு கட்டிக் கொடுத்தாள். சின்னப்பையன் கொண்டுபோனான். சோறு, ரசம், கீரை, மேலே ஒரு பொரித்த அப்பளம். கட்டிலுக்குப் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, தட்டில் போட்டு நீட்டினான்.

பரசுராமன் நல்ல பசியில் இருந்தார். அப்பளத்தை எடுத்து ஒடித்தார்.

'படக்.'

சின்னப்பையனின் வலது கால் சரேலென்று பின்னால் போய் முக்காலிக்கு அடியில் ஒளிந்துகொண்டது. அவன் வேண்டுமென்று செய்யவில்லை. கால் தானாகப் போயிற்று. அவன் வெட்கத்தோடு சிரித்து, அதை மறுபடி முன்னால் கொண்டுவந்து வைத்தான்.

பரசுராமன் அந்தக் காலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கையில் அப்பளத்தின் இரண்டு துண்டுகள். பிறகு ரசத்தைக் கொஞ்சம் ஊற்றி, இரண்டையும் அதில் போட்டு, விரலால் அமுக்கினார். நன்றாக ஊறி, சத்தம் போடாதபடி துணிபோல ஆகும்வரை காத்திருந்தார்.

"இப்ப தின்னலாம்பா," என்றார்.

கால் கூடி எழுந்து ஊருக்குப் போகிறவரைக்கும், சின்னப்பையன் எதிரில் இருக்கும்போதெல்லாம் அவர் அப்பளத்தை அப்படித்தான் தின்றார்.